எங்கே கை வைத்திருக்கிறார்கள்?

பட்ஜெட் கேமிங் பிசிக்கு லிஸ்ட் போட்டு, "அண்ணா, இது ஓகேவா பாருங்க" என்று யார் அனுப்பினாலும் நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். மேலே எல்லாம் ஜோராகத்தான் இருக்கும். ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மாடல் எண் முழுசாக, ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கும். கீழே வர வர விவரம் சுருங்கும். "ரேம் 16 ஜிபி." எத்தனை ஸ்டிக்? தெரியாது. "எஸ்எஸ்டி 500." என்ன எஸ்எஸ்டி? தெரியாது. கடைசி வரியில், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டிக்கு "எஸ்எம்பிஎஸ் 600 வாட்" என்று மட்டும் இருக்கும், கம்பெனி பெயர்கூட இருக்காது. காசு எந்த இடத்தில் தீர்ந்துபோனது என்பதை லிஸ்டே காட்டிக்கொடுத்துவிடும்.

கையில் காசு தாராளமாக இருப்பவர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மேல்தட்டில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய நன்றாகத்தான் ஓடும். பட்ஜெட்டில் அசெம்பிள் செய்கிறவர்தான் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கிறது. விலை குறைந்த பாகம் ஒவ்வொன்றிலும் எங்கோ ஓரிடத்தில் கை வைத்திருப்பார்கள். கை வைக்காமல் விலை எப்படிக் குறையும்? அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடும் எண்ணில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். உள்ளே, பொடி எழுத்தில் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். அந்த வெட்டு நான் விளையாடும் கேமில் தெரியுமா, தெரியாதா? நான் லிஸ்ட் பார்ப்பது முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

அதற்கு முன்னால் மானிட்டர். லிஸ்டில் அது பெரும்பாலும் இருக்காது. "அது ஏற்கெனவே இருக்கு" என்பார்கள். கணக்கே அங்கேதான் தொடங்குகிறது. 1920-க்கு 1080 என்கிற ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560-க்கு 1440 திரையில் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது ஃபுல் எச்டியைப் போல் சரியாக நாலு மடங்கு. ஃபிரேம் என்கிற ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிக்கும் நிறம் கணக்குப் போட வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. இன்னொரு பக்கம் ஹெர்ட்ஸ், அதாவது திரை செகண்டுக்கு எத்தனை முறை புதுப்பித்துக்கொள்கிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃபிரேம் தயாரிக்க 16.7 மில்லி செகண்ட் கிடைக்கும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.9 மில்லி செகண்ட்தான். இந்த நெருக்கடி ப்ராசசருக்கும் சேர்த்து. புள்ளி கூடினால் கார்டு திணறும், ஹெர்ட்ஸ் கூடினால் ப்ராசசரும் சேர்ந்து திணறும்.

அதனால் 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி திரையை வைத்துக்கொண்டு பெரிய கார்டு வாங்குகிறவரிடம், பாதிப் பணத்துக்கு நல்ல மானிட்டர் வாங்கச் சொல்வேன். பட்ஜெட்காரர்களுக்கு மானிட்டரில் கிடைத்த பெரிய வரம் என்றால் அது வேரியபிள் ரிஃப்ரெஷ். கார்டு எப்போது ஃபிரேம் கொடுக்கிறதோ அப்போது திரை புதுப்பித்துக்கொள்ளும். ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் முறையில் இதைச் செய்யும் மானிட்டர்களுக்கு 2019 ஜனவரியில் என்விடியாவும் வழிவிட்ட பிறகு, இதற்காகத் தனி விலை கொடுக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. அந்த வசதி உள்ள திரையில், ஏறி இறங்கும் 50, 55 எஃப்பிஎஸ்கூட, அதாவது செகண்டுக்கு அத்தனை ஃபிரேம்கூட, கண்ணை உறுத்தாது.

சரி, கிராபிக்ஸ் கார்டு. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இதற்குப் போகலாம் என்பது என் கணக்கு. பெயரை வைத்து ஏமாறும் இடமும் இதுதான்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 2016-ல் ஜிடிஎக்ஸ் 1060 என்ற பெயரில் 6 ஜிபி கார்டும் 3 ஜிபி கார்டும் வந்தன. பெட்டியைப் பார்த்தால் மெமரியில் மட்டும்தான் வித்தியாசம் என்று தோன்றும். உண்மையில் கணக்குப் போடும் கோர்களே 6 ஜிபி கார்டில் 1280, 3 ஜிபி கார்டில் 1152. அடுத்து ஜிடி 1030. 2017-ல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியோடு, செகண்டுக்கு 48 ஜிபி வேகத்தில். மறுவருடம் அதே பெயரில், டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆர்டிஎக்ஸ் 3050-யும் இப்படித்தான். 2022-ல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்). 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட் பஸ். கடைசியாகச் சொன்ன இந்த வெட்டில் ஒரு நல்லதும் உண்டு. 70 வாட்டில் ஓடுவதால், மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டே போதும். தனி பவர் கேபிள் இல்லாத பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்ள அதைவிடத் தோதான கார்டு அதிகம் இல்லை. ஒருவருக்கு வலிக்கும் வெட்டு இன்னொருவருக்கு வசதி.

இதற்கு நேர்மாறாக, மெமரியில் மட்டும் கை வைத்த கார்டுகளும் உண்டு. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு அளவில் கிடைக்கின்றன. சிப் ஒன்றேதான். இங்கே பிரச்சினை வேகத்தில் இல்லை, இடத்தில். இப்போதைய பெரிய கேம்கள் 16 ஜிபி மெமரி உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. 2023-ல் பழைய கன்சோல்களைக் கைவிட்டு வந்த சில கேம்கள் பிசியில் 8 ஜிபி கார்டுகளைத் திணறடித்ததற்குக் காரணம் இதுதான். கார்டில் இடம் போதாவிட்டால் சராசரி எஃப்பிஎஸ் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பும்போது ஒரு வெட்டு, கதவைத் திறக்கும்போது ஒரு திக்கல், சுவரில் படம் ஏறாமல் மொழுக்கென்று நிற்கும். ஃபுல் எச்டியில், டெக்ஸ்சரை (சுவர், தரை மேல் ஏறும் படம்) ஒரு படி இறக்கி வைக்கச் சம்மதம் என்றால் 8 ஜிபி இன்னும் ஓடும். 1440-க்குப் போகிறவருக்கு நான் 12 ஜிபிக்குக் கீழே சொல்வதில்லை.

குறைந்த புள்ளியில் படம் தயாரித்துப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இருக்கிறதே, சின்னக் கார்டே போதாதா என்று கேட்பார்கள். உதவும்தான். ஆனால் இந்த வித்தை பெரிய திரையில் பலிக்கிற அளவு சின்னத் திரையில் பலிக்காது. 4கே-யில் பெர்ஃபார்மன்ஸ் மோடு வைத்தால்கூட உள்ளே ஃபுல் எச்டியில் படம் தயாராகிறது. ஃபுல் எச்டியில் குவாலிட்டி மோடு வைத்தாலே உள்ளே 1280-க்கு 720-தான். இருக்கிற புள்ளியே குறைவு, அதிலிருந்து எவ்வளவுதான் ஊகிக்கும்? நடுவே ஊகித்த ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் பற்றியும் ஒரு வார்த்தை: 30 எஃப்பிஎஸ்ஸை 60 ஆகக் காட்டினாலும் கைக்கு அது 30 போலத்தான் இருக்கும், ஒரு சொட்டுத் தாமதமும் கூடும். ஏற்கெனவே 60-க்கு மேல் ஓடுகிற கேமுக்குத்தான் அது அழகு.

தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத இரண்டு வெட்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நல்ல உதாரணம். 2022 ஜனவரியில் வந்தது. மெமரி 4 ஜிபி. வழக்கமான கார்டு மதர்போர்டோடு பேச 8 அல்லது 16 லேன் (தடம்) வைத்திருக்கும், இதற்கு 4 லேன்தான். இந்த இணைப்பின் நாலாம் தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 போர்டில் அந்த 4 லேன் செகண்டுக்கு 8 ஜிபி அளவுக்குக் கொடுக்கும், ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். இப்போது காசு மிச்சம் என்று ஏ520 மதர்போர்டு எடுக்கிறோம். அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 மட்டும்தான். செகண்டுக்கு 8 ஜிபி என்ற வேகம் 4 ஜிபி ஆகிவிட்டது. கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். அந்தப் பாதையோ ஏற்கெனவே பாதியாகச் சுருங்கிக் கிடக்கிறது. கேம் திக்கித் திக்கி ஓடும். கார்டும் பழுதில்லை, போர்டும் பழுதில்லை. அதே ஏ520 போர்டில் 8 லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600 போட்டிருந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது.

போர்டை நல்லதாக எடுத்தும் இதே வலையில் விழலாம். ஏஎம்டியின் ரைசன் 5 5500, ரைசன் 5 5600 ப்ராசசர்கள் இரண்டும் 2022 ஏப்ரலில் ஒன்றாக வந்தவை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். பெட்டியில் போடும் எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. 5600-ல் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5500-ல் 16 எம்பி. 5600 பிசிஐ எக்ஸ்பிரஸ் 4, 5500 வெறும் 3. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 உள்ள பி550 போர்டு வாங்கி அதில் 5500-ஐ உட்காரவைத்தால், கார்டு ஸ்லாட் 3-ன் வேகத்தில்தான் ஓடும். அந்த லேன்கள் ப்ராசசரிலிருந்து வருபவை. கேஷ் குறைவதும் கேமில் நேராகத் தெரியும். கேம் என்பது சின்னச் சின்ன விவரங்களை அடிக்கடி தேடி எடுக்கிற வேலை. கேஷில் இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர வேண்டும். 5800எக்ஸ்3டி-யில் கேஷை 96 எம்பி ஆக்கியதும் அது கேமர்களின் செல்லப்பிள்ளை ஆனது இதனால்தான். அதே சமயம் 5600-க்கும் 5600எக்ஸ்-க்கும் இடையே இருப்பது கொஞ்சம் கிளாக் (ஓடும் வேகம்) வித்தியாசம் மட்டும். அந்த வெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளலாம்.

இன்டெல் பக்கம் எஃப் என்று முடியும் மாடல்களில் உள்கிராபிக்ஸை எடுத்துவிட்டு விலையைக் குறைத்திருப்பார்கள். தனிக் கார்டு போடுகிறவருக்கு அது நஷ்டமே இல்லை, கார்டு கெட்டுப்போகிற நாள் வரைக்கும். அன்றைக்குத்தான் திரையே வராது. ஐ3-12100எஃப்-ல் 4 கோர், 8 த்ரெட். வாலரண்ட், கவுன்டர்ஸ்டிரைக் 2 மட்டும் ஆடுகிறவருக்கு அது இன்னும் தாங்கும். பின்னால் டிஸ்கார்ட், பிரௌசர், ரெக்கார்டிங் எல்லாம் திறந்து வைத்து விளையாடுகிறவருக்கு 6 கோருக்குக் கீழே வேண்டாம். இன்டெலின் ஆர்க் பி580 மாதிரி 12 ஜிபி தருகிற கார்டைப் பார்த்து மயங்குகிறவர், தன் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே சமயத்தில் எட்ட விடும் வசதி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மயங்கட்டும். அது இல்லாமல் அந்தக் கார்டு சரியாக ஓடாது. பழைய, மெதுவான ப்ராசசரோடு சேர்த்தாலும் முழுத் திறனைக் காட்டாது.

ரேம் பற்றிப் பேச முன்பெல்லாம் ஒன்றும் இருக்காது. 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, முடிந்தது. ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்கினால் டிடிஆர்4-3200 வகை ரேமில் செகண்டுக்கு 25.6 ஜிபி, இரண்டாகப் போட்டால் 51.2. அளவு ஒன்றுதான், பாதைதான் இரண்டாகிறது. கார்டு இல்லாமல் 5600ஜி போன்ற ப்ராசசரின் உள்கிராபிக்ஸை நம்பிக் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றிருப்பவருக்கு இதுதான் உயிர்நாடி. ஆனால் 2025 கடைசியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மெமரி தயாரிக்கும் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் தன் க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. முன்பு "பார்த்துக்கலாம்" என்று விட்ட பாகம் இப்போது லிஸ்டின் திசையையே மாற்றுகிறது.

உதாரணத்துக்கு, ஏஎம்டி ப்ராசசர் உட்காரும் சாக்கெட் பழைய ஏஎம்4-ஆ, புது ஏஎம்5-ஆ என்ற கேள்வி. ஏஎம்5 என்றால் ரேம் டிடிஆர்5 மட்டும்தான். ஆனால் அதில் நாளைக்குப் புது ப்ராசசர் மாற்றிக்கொள்ளலாம். 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஏஎம்4 தன் காலத்தை வாழ்ந்து முடித்த பிளாட்ஃபார்ம். இங்கே கை வைத்திருப்பது எதிர்காலத்தில். ரேம் மலிவாக இருந்தவரை ஏஎம்5 எடுங்கள் என்று யோசிக்காமல் சொல்வேன். இப்போது பழைய டிடிஆர்4 ஸ்டிக் கையில் இருந்தால் ஏஎம்4 போர்டும் 5600-ம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கார்டில் போடச் சொல்கிறேன். நாலு வருடம் கழித்து ப்ராசசர் மட்டும் மாற்றுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலோர் போர்டோடுதான் மாற்றுகிறார்கள்.

எஸ்எம்பிஎஸ். கீழிருந்து படிக்கிறேன் என்று சொன்னதே இதற்காகத்தான். இதன் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டங்கள். ப்ராசசரும் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் கட்டத்திலிருந்துதான், மற்றவை சில்லறை. அந்தக் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். நாணயமான 550 வாட் யூனிட்டில் 45 ஆம்பியர் போல இருக்கும். பெருக்கினால் 540 வாட். பெயரில்லாத "600 வாட்" பெட்டியில் 25 ஆம்பியர் என்று இருந்தால் கையில் வருவது 300 வாட். மிச்சத்தை அதிகம் பயன்படாத 3.3, 5 வோல்ட் கட்டங்களில் சேர்த்துக் கூட்டி 600 ஆக்கியிருப்பார்கள்.

80 பிளஸ் முத்திரையைத் தரச் சான்றிதழாக நினைப்பவர்கள் நிறைய. 2004-ல் தொடங்கிய அந்த முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும். ஷார்ட் ஆனால் அணைந்துகொள்ளுமா, ஓவர்லோடு ஆனால் என்ன செய்யும் என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. இன்னொரு தவறான கணக்கும் உலவுகிறது: 500 வாட், 85 சதவீதம் என்றால் 425 வாட்தான் வரும் என்று. அப்படியில்லை. 500 வாட் என்பது வெளியே வருவது. வீணாவது சுவரிலிருந்து கூடுதலாக இழுக்கப்படும், அவ்வளவுதான். 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060-யும் 65 வாட் 5600-ம் சேர்ந்த பிசிக்கு நல்ல 450 வாட்டே போதும். கார்டுகள் கண நேரத்துக்குத் திடீரென்று இழுக்கும் என்பதால் 550 என்றால் நிம்மதி. 750 வாட் மட்டமானதைவிட 550 வாட் நல்லது எவ்வளவோ மேல். கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் யூனிட் வாங்கினால் பழைய யூனிட்டின் கேபிளை இதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், ஆனால் உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிரைவ் கருகிவிடும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடலாம். எஸ்எஸ்டியில் பழைய சாட்டா வகைக்கு செகண்டுக்கு 550 எம்பி, ஜென் 3 என்விஎம்ஈ வகைக்கு 3500 எம்பி, ஜென் 4-க்கு 7000 எம்பி என்று எண்கள் துள்ளும். கேம் திறக்கிற நேரத்தில் இந்தத் துள்ளல் பெரும்பாலும் தெரியாது. தைரியமாகக் கை வைக்கக்கூடிய இடம் இது. 500 ஜிபி மட்டும் வேண்டாம், பெரிய கேம் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுகிற காலம். கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடியா வலையா என்று மட்டும் பாருங்கள். வலை. கார்டின் நீளம் உள்ளே அடங்குமா என்று அளந்துகொள்ளுங்கள். கூலருக்கு, 5600 மாதிரி ப்ராசசர் என்றால் பெட்டியில் வருவதே போதும். சத்தம் தாங்காவிட்டால் அப்புறம் மாற்றலாம். எல்இடி விளக்குக்கு நான் எதிரியில்லை, ஆனால் விளக்குள்ள ரேமுக்கும் ஃபேனுக்கும் கொடுக்கிற கூடுதல் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் 8 ஜிபி கார்டுக்கும் 12 ஜிபி கார்டுக்கும் இடையே உள்ள விலைத் தூரம் அதற்குள்ளேயே இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் ப்ராசசரும் ரேமும் பயமில்லாமல் வாங்கலாம். ஏஎம்4 ப்ராசசர் என்றால் அடியில் பின் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். கார்டு என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய ஜிடிஎஸ் 450-க்கு உள்ளே இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கதையெல்லாம் நடந்திருக்கிறது. அந்த மென்பொருள் பெயருக்கு முன்னால் போலி என்றே காட்டிவிடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ரே டிரேசிங் (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி) இல்லாத கார்டை இனி எடுக்க நான் சொல்லமாட்டேன். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அது இல்லாவிட்டால் ஓடாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது கேம் டிரைவர் தருவதையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

எல்லாம் சரியாக வாங்கி, அசெம்பிளும் முடிந்த பிறகு, எந்தக் கம்பெனியும் கை வைக்காத இடத்தில் நாமே கை வைத்துவிடுவது உண்டு. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரை விண்டோஸில் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் மாற்றாதவரை அது தானாக ஏறாமல் போகலாம். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருப்பார்கள். ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். 3200 என்று எழுதிய ரேம், மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) போடாதவரை பெரும்பாலும் 2133-லோ 2666-லோ ஓடும். டிடிஆர்5-6000 ஸ்டிக் 4800-ல் நிற்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் வேகம் என்ன என்று பாருங்கள். குறைவாக இருந்தால் ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போங்கள். அங்கே இருக்கும்போதே ரீசைசபிள் பாரையும் ஆன் செய்துவிட்டு வாருங்கள்.